பல்லுல கடிச்ச பறி

எறா தடவப் போனா நாங்க பேசறதில்ல.
பறியோட கயித்தப் பல்லுல கடிச்சிக்கணும்,
ரெண்டு கையும் சேத்துக்குள்ள.
கழுத்து வரைக்கும் கொசஸ்தலை,
அதுல பாதி தண்ணி, பாதி கரண்டு கம்பெனி சாம்பல்.

இவரு கரையில குந்திக்கினு பாத்துனே இருந்தாரு.
என்னியத்தான் பாக்கறாருன்னு
எனக்கு வெக்கமாக்கூட இருந்திச்சி.
அவரு பாத்தது தாடைய.

மிசினு சுத்தி ஹார்பர்ல எறங்குற பைன் பெட்டி,
முகத்துவாரத்துல ஒதுங்குன கட்ட,
புயல்ல கத்திவாக்கத்துல சாஞ்ச பூவரசு.
கார்ப்பரேஷன் லாரி வர்றதுக்குள்ள
எங்க துலுக்காணம் அங்க நிப்பாரு.
பூவரச மோந்து பாப்பாரு.
பைன மோக்க மாட்டாரு,
"அது வேற ஊரு, எனக்கு பாஷ தெரியாது"ம்பாரு.
உளி நாலு. அதுல ஒண்ணு
லாரிப் பட்டைய அடிச்சி அவரே பண்ணது.

அந்தப் பூவரசுல என் மூஞ்சி வந்திச்சி.
மூஞ்சின்னா மூஞ்சி இல்ல, கண்ணுகூட அரகொறதான்.
பல்லு. பல்லுல கயிறு. கயித்துல பறி.
தாடைக்குக் கீழ பொடச்ச நரம்பு ரெண்டு.
பறிக்குள்ள ஒண்ணுமில்ல.
"ஒரு எறாகூடவா வெக்க மனசு வரல?"ன்னேன்.
"அன்னிக்கி கெடைக்கலியே"ன்னாரு.

எழும்பூர் கண்காட்சியில ஒரு அம்மா கேட்டாங்க,
சிரிக்கிற மாதிரி ஒண்ணு இருக்கான்னு.
"வாயத் தொறந்தா பறி பூடும்மா"ன்னாரு.
நாலாயிரத்தி ஐந்நூறுக்கு என் பல்லு போச்சி,
அடையாறு பக்கமாம்.
கீழ மாட்டியிருந்த அட்டைய மட்டும் அவுத்துக்குடுத்தாங்க.
சங்கவி படிச்சிச் சொல்லிச்சி:
'பழங்குடி மரச்சிற்பம். இருளர். எண்ணூர்.'

சங்கவிக்கு நர்சு படிக்கணும்.
ஜாதி சர்ட்டிபிகேட் கேக்கறாங்க, பதினெட்டாந்தேதி கடைசி.
விசாரணைக்கி வந்தவரு செருப்பக் கயட்டாம நின்னு கேட்டாரு.
பாம்பு புடிப்பீங்களா?
இல்ல சார்.
எலி?
எங்கப்பா புடிச்சாரு.
அப்ப நீ இன்னா பண்ற?
மரம் செதுக்கறேன் சார்.
அவரு பேனா அங்க நின்னிச்சி.
"அப்ப ஆசாரி ஆச்சேப்பா."

நான் உள்ள ஓடி அந்த அட்டைய எடுத்தாந்தேன்,
அதுல நாங்க யாருன்னு அச்சுல இருந்திச்சி.
திருப்பித் திருப்பிப் பாத்தாரு.
"இதுல சீல் இல்லியேம்மா."

அன்னிக்கி ராத்திரி
மிச்சமிருந்த பூவரசுல வட்டமா ஒண்ணு அறுத்தாரு.
எனக்கு வவுறு கலங்கிச்சி.
"யோவ், கவருமெண்டு சீலா?
போலீசு தூக்கினு பூடுவான்யா."
ஒண்ணும் பேசல. கயிறு இல்லாமயே பல்லக் கடிச்சினு
ரெண்டு மணி வரைக்கும் உளி சத்தம்.

காலையில பாத்தா
சிங்கம் இருக்கவேண்டிய எடத்துல ஒரு எறா.
எழுத்து இருக்கவேண்டிய எடத்துல
அதோட மீச, சுத்தி ஒரு ரவுண்டு.
"எழுத்துன்னா திருப்பி வெட்டணும்,
எது எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது.
எறா எந்தப் பக்கம் திரும்புனாலும் எறாதான?"

சங்கவியோட இங்கு பேடுல ஒத்தி
முழுசா எழுதி வெச்சிருந்த மனுவுல,
போட்டோவுக்குப் பக்கத்துல, அமுக்கிட்டாரு.
பொண்ணு தலையில அடிச்சினு அழுதிச்சி.
வேற பாரம் வாங்க மறுபடியும் திருவொத்தியூர் போவணும்,
ரெண்டு பஸ்ஸு, அரநாளு.
அழுது முடிச்சிட்டு, கண்ணத் தொடைக்காமயே
அந்தத் தாளு காயட்டும்னு விசிறிச்சி.
எதுக்கு விசிறிச்சின்னு நான் கேக்கல.
எந்த மனுவக் குடுத்திச்சின்னும் கேக்கல.

நாளைக்கி நாலு மணிக்கெல்லாம் தண்ணி வத்தும்.
பறியில ஒரு கண்ணி பிரிஞ்சிருக்கு, முடியணும்.
இவரு வேற கெஞ்சறாரு,
நாளைக்கி எதுத்தக் கரையிலேர்ந்து தடவினு வான்னு.
தாடையோட அந்தப் பக்கத்த
இன்னும் சரியாப் பாக்கலியாம்.